ஒரே குன்றைத் திரும்பத் திரும்ப ஏறு

அன்பு மகளுக்கு,

சபாவின் கினபாலு மலை ஏற இடம் உறுதியாகிவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். மலைமேல் இரவு தங்கும் பனலாபானில் ஒரு படுக்கை கிடைப்பதே குதிரைக்கொம்பு. அது கிடைத்துவிட்டதே, அந்த மட்டில் நிம்மதி. இன்னும் 16 வாரம் இருக்கிறது. "ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடுகிறேனே, போதாதாம்மா?" என்று கேட்டிருந்தாய். போதாது. ஏன் போதாது, வேறென்ன செய்ய வேண்டும் என்பதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மலையின் கணக்கைப் பார். நீ நடக்கத் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு தங்கும் பனலாபான் 3,272 மீட்டர். உச்சி 4,095 மீட்டர். முதல் நாள் 6 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,400 மீட்டர் ஏறுகிறாய். பெரும்பாலும் படிகள், மரப்படி, கல்படி, வேர்ப்படி, ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இருக்காது. மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரை மணிக்கே கிளம்பி, இருட்டில் இன்னும் 820 மீட்டர் ஏறவேண்டும். பிறகு அன்றைக்கே உச்சியிலிருந்து வாசல்வரை 2,200 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும். இந்தக் கடைசி எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஏறும்போது அழுதவர்களைவிட இறங்கும்போது அழுதவர்கள் அதிகம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறவர்களைப் பார்த்தால் உனக்கே புரியும்: அவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, தொடை கைவிட்டுவிட்டது.

நமக்கு இருப்பதோ புக்கிட் தீமா. சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை மேடு, 163 மீட்டர். அதை வைத்துக்கொண்டு 4,095 மீட்டருக்கு எப்படித் தயாராவது என்று மலைக்காதே. இங்கே பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான், அடர்த்தி குறைந்த காற்று. அதற்குச் சிங்கப்பூரில் இயற்கையான வழி கிடையாது. கால், பாதம், வயிறு, நிதானம் ஆகிய நான்கையும் இங்கேயே பழக்கிவிடலாம். இவற்றைப் பழக்கிக்கொண்டு போனால் மேலே நீ சமாளிக்க வேண்டியது காற்று ஒன்றைத்தான்.

வாரத்துக்கு ஒரு புது இடம் தேடிப் போகாதே. மெக்ரிட்ச்சி ஒரு வாரம், சதர்ன் ரிட்ஜஸ் ஒரு வாரம் என்று சுற்றுவது உலாவுவதற்கு நல்லது, பயிற்சிக்கு உதவாது. ஒரே குன்று, ஒரே பாதை, ஒரே தொடக்க நேரம். அப்போதுதான் போன வாரத்தைவிட இந்த வாரம் உடம்பு தேறியிருக்கிறதா என்று தெரியும். நேரம் அதே, நாடித்துடிப்பு குறைவு என்றால் தேறியிருக்கிறாய். பாதை மாறினால் அந்த அளவுகோல் கையில் இருக்காது.

இதற்கு உடம்பிலேயே ஒரு காரணமும் உண்டு. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்படி வேலை செய்யும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வலி உச்சத்துக்குப் போகும். ஆனால் அதே வேலையை ஒருமுறை செய்து, ஆறவிட்டு, மறுபடி செய்தால் சேதம் வெகுவாகக் குறைகிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும், அதற்குள் திரும்பச் செய்தால் புதுப்பித்துக்கொள்ளும். ஓட்டத்திலும் சைக்கிளிலும் இது கிடைக்காது. இறங்கினால்தான் இறங்கப் பழகும்.

சனிக்கிழமை காலை புக்கிட் தீமாவுக்குப் போ. இயற்கை வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறக்கும், மாலை 7 மணிக்கு மூடும். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வருகையாளர் மையத்திலிருந்து உச்சிப் பாறைவரை போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டு, சரியான எண்ணை உன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள். தொடக்கத்திலேயே தார்ச்சாலை செங்குத்தாக ஏறும். அங்கேதான் எல்லாரும் வேகமாகப் போய், பத்தே நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். நீ அந்த இடத்தில் உன் வழக்கமான நடையில் பாதி வேகத்துக்கு வந்துவிடு. மேலே போகும்போது படிக்கட்டு வழியை எடு, திரும்பும்போதும் படிக்கட்டையே எடு. தார்ச்சாலையில் இறங்குவது சுகமாக இருக்கும், ஆனால் கினபாலுவில் தார்ச்சாலை கிடையாது.

வேகத்துக்கு ஒரே சோதனைதான்: முழு வாக்கியம் ஒன்றை மூச்சு உடையாமல் சொல்ல முடியவேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இந்த மெதுவான வேகத்தில் பல மணி நேரம் நடந்தால்தான் தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகும், சிறு ரத்தக் குழாய்கள் பெருகும். மூச்சிரைக்க ஏறினால் அரை மணியில் களைத்துப்போவாய். களைப்பு வேறு, பயிற்சி வேறு. சலிப்பாக இருக்கும், தெரியும். பரவாயில்லை, சலிப்பும் பழகவேண்டியதுதான்.

உயரமான படிகளுக்கு ஒரு நடை இருக்கிறது, அதை இப்போதே காலில் ஏற்றிக்கொள். முன்காலை மேல்படியில் வை, எடையை இன்னும் அதன்மேல் போடாதே. பின்காலின் முட்டியை நேராக்கி, உடம்பு எடை முழுவதும் அந்தக் கால் எலும்பின்மேல் நிற்கும்படி ஒரு கணம் நில். அந்த ஒரு கணம் தொடைத்தசைக்கு ஓய்வு. பிறகு மூச்சை வெளியே விட்டபடி எடையை முன்காலுக்கு மாற்றி எழு. ஓர் அடிக்கு ஒரு மூச்சு. 3,500 மீட்டருக்கு மேலே உன்னால் இப்படி மட்டும்தான் நடக்க முடியும். கீழேயே பழகியிருந்தால் அங்கே தடுமாற்றம் இருக்காது.

சுற்றுக் கணக்கைச் சொல்கிறேன். முதல் வாரம் 3 சுற்று. இரண்டாம் வாரம் 4, மூன்றாம் வாரம் 5. நான்காம் வாரம் திரும்ப 3-க்கு இறங்கு. இந்த இறக்கத்தை விட்டுவிடாதே, தசைநார்களும் மூட்டுகளும் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். அவற்றுக்கு அந்த வாரம் வேண்டும். ஐந்தாம் வாரம் 6, பிறகு 7, 8. எட்டாம் வாரம் குன்றுக்கு விடுமுறை. ஜொகூரில் குளுவாங் பக்கம் இருக்கும் குனோங் லம்பாக் மலைக்குப் போய்வா. 510 மீட்டர்தான், ஆனால் காட்டுப்பாதை எப்படி வழுக்கும் என்று பாதத்துக்குத் தெரியவரும். ஒன்பது, பத்து, பதினொன்று வாரங்களில் 8, 9, 10 சுற்று. 10 சுற்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும்; கினபாலுவின் முதல் நாளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வாரம் குனோங் லேடாங். 1,276 மீட்டர். தங்காக் வழியாகப் போவது. முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். கயிறும் ஏணியும் பிடித்து ஏறும் இடங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்குமேல் ஏறி இறங்கினால் காலணி எங்கே கடிக்கிறது, தோள்பட்டை எங்கே அறுக்கிறது, எத்தனை மணிக்கு உனக்குப் பசிக்கிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அங்கே கண்ட குறையைச் சரிசெய்ய இன்னும் நான்கு வாரம் இருக்கும். லேடாங்கைக் கடைசி இரண்டு வாரத்தில் வைத்துக்கொள்ளாதே, கால் ஆறாமலேயே விமானம் ஏறவேண்டி வரும்.

பதின்மூன்றாம் வாரம் லேசாக. பதினான்காம் வாரம்தான் முக்கியம்: சனிக்கிழமை 10 சுற்று, ஞாயிறு 6 சுற்று. கினபாலு இரண்டு நாள் மலை, களைத்த காலோடு இரண்டாம் நாள் எழுந்து நடக்கவேண்டும். அந்த அனுபவம் உடம்புக்கு ஒருமுறையாவது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றில் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், இரண்டாவது சுற்றில் இளகிவிடும். இளகும் என்று தெரிந்திருப்பதுதான் அங்கே பனலாபானில் நள்ளிரவில் எழும்போது உதவும். பதினைந்தாம் வாரம் 5 சுற்று, கிளம்பும் வாரம் 2 சுற்றோடு நிறுத்து. கடைசி வாரத்தில் கூடுதலாக ஏறி எந்தப் பலமும் சேராது, களைப்புதான் சேரும்.

வார நாளில் உன் புளோக் படிக்கட்டு போதும். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், உன் 16 மாடி புளோக்கில் கீழிருந்து மேலே போக 42 மீட்டர். பத்துமுறை ஏறினால் 420 மீட்டர். வாரத்துக்கு இரண்டுமுறை செய். முதல் நான்கு வாரம் ஏறுவது மட்டும், இறங்க லிஃப்ட். ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டு முறைக்கு ஒருமுறை படியில் இறங்கு, பத்தாம் வாரத்துக்குள் எல்லா முறையும். முதல் நாளே ஆர்வக் கோளாறில் பத்துமுறையும் படியில் இறங்கினால் நான்கு நாளைக்கு உட்கார்ந்து எழ முடியாது. அதைவிட மோசமாகவும் ஆகலாம்: பழக்கமில்லாத உடம்பைப் போட்டு வதைத்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை வீங்கி வலித்தால், தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ.

படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடியைத் தொடாதே. இரண்டு இரண்டு படியாகச் சில சுற்று ஏறு. கினபாலுவின் படிகள் நம் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் படிகளைப்போல ஒழுங்காக இருக்காது, முட்டி உயரத்துக்குக்கூட வரும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஆட்கள் போக வர இருப்பார்கள், மேல்மாடிகளில் செடித்தொட்டியும் சைக்கிளும் வழியில் இருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கதவை அறையவிடாமல் பிடித்து மூடு, அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைகள் இருக்கும். ஓரிரு முறை நெற்றிவிளக்கை மாட்டிக்கொண்டு ஏறு. அதன் ஒளிவட்டத்துக்குள் படியின் விளிம்பைக் கணித்துக் கால்வைப்பது தனிப்பழக்கம்.

இறங்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். சின்னச் சின்ன அடியாக எடுத்து வை. முட்டி எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும், நேராகப் பூட்டிய முட்டியோடு தரையைத் தொட்டால் அடி நேரே மூட்டுக்குப் போகும். உடம்பைப் பின்னால் சாய்க்காதே. பயத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், அதனால்தான் குதிகால் வழுக்கி விழுகிறார்கள். இடுப்புக்கு நேர்கீழே பாதம் வரவேண்டும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள். ஏறும்போது முழங்கை செங்கோணத்தில் வரும் அளவுக்குச் சுருக்கு, இறங்கும்போது 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டு. கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வை. பனலாபானுக்கு மேலே கயிறு பிடித்துப் போகும் பாறைப் பகுதியில் மட்டும் கோலை மடித்துப் பையில் செருகிவிடு, இரண்டு கையும் கயிற்றுக்கு வேண்டும்.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி. கடைசிப் படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் குதிகால் கீழே தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக முட்டியை மடக்கு, பிறகு எழு. காலுக்கு 12, மூன்று தடவை. கண்ணாடி முன் செய். முட்டி உள்பக்கம் விழுந்தால் இடுப்புப் பக்கத்தசை பலவீனம் என்று அர்த்தம், அந்த நிலையிலேயே பத்துச் சுற்று போனால் முட்டியின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கும். இரண்டாவது, படிவிளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, 15 வீதம் மூன்று தடவை. வாரத்துக்கு இருமுறை போதும்.

தொடை முழுக்கப் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது நல்ல வலி. ஒரே புள்ளியில் குத்தினால், முட்டிச்சில்லுக்குக் கீழேயோ வெளிப்பக்கமோ இறங்கும்போது மட்டும் வந்தால், வீக்கம் இருந்தால், அன்றைய சுற்றை அங்கேயே நிறுத்து. வலிமாத்திரை போட்டுக்கொண்டு தொடராதே. வியர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சில சிறுநீரகத்துக்கு ஆகாது, வலியை மறைத்து மூட்டையும் கெடுத்துவிடும்.

காலணி விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே கேள். கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் நீ வைத்திருக்கும் பழைய மலையேற்றக் காலணியைப் போட்டுக்கொண்டு போகாதே. அந்த மாதிரிக் காலணிகள் பலவற்றின் நடு அடித்தட்டு பாலியூரித்தேனால் ஆனது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது உபயோகிக்காமல் கிடந்தாலும் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். சில வருடம் சும்மா கிடந்தது பார்வைக்குப் புதிதாக இருக்கும். கட்டை விரலால் அடித்தட்டின் பக்கவாட்டில் அழுத்திப் பார். மயிரிழைபோல விரிசல் விட்டாலோ, பிசுபிசுப்பாக மாவு ஒட்டினாலோ, அது மலையில் அரை நாள் தாங்காது, அடிப்பாகம் மொத்தமாகக் கழன்றுவரும். புதிதாக வாங்கு, அதையும் இப்போதே வாங்கு, 16 வாரமும் அதையே போட்டு நட.

கடைக்குச் சாயங்காலம் போ, அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார். கயிறு கட்டாமல் விரலை முன்னால் முட்டும்வரை தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். இந்த இடம் இல்லாவிட்டால் இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பெருவிரல் முன்னே மோதி நகம் கறுத்துவிடும். நகத்தைக் கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடு. முந்தினநாள் வெட்டினால் ஓரம் உறுத்தும். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தட்டி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டு. குதிகாலில் சூடாக உணர்ந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டு. கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் புண்ணியமில்லை.

பைக்குள் எடையாகத் தண்ணீர்ப் போத்தல்களை வை. ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றரைக் கிலோ. முதல் மாதம் ஒன்று, பிறகு இரண்டு, பத்தாம் வாரத்துக்குமேல் மூன்று. அரிசிமூட்டையோ இரும்போ வைக்காதே. தண்ணீர் என்றால் முட்டி முணுமுணுத்தால் மேலேயே கொட்டிவிட்டு லேசாக இறங்கலாம். இடுப்புப்பட்டை இடுப்பெலும்பின்மேல் உட்காரவேண்டும், தோள்பட்டை எடையைத் தாங்கக்கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதே. பை என்றால் சாப்பாடு என்று புக்கிட் தீமாவில் இருக்கும் குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை உன் உடம்பிடமே கேட்டுக்கொள். கிளம்புமுன் எடை பார், வந்து துடைத்துவிட்டு மறுபடி பார். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததுபோக இன்னும் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறாய். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டாய். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி, தலைவலி, குமட்டல் வரும். மேலே போனால் அது உயரத்தால் வந்த தலைவலியா, உப்புக் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இரண்டு போத்தலில் ஒன்றில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போடு, அல்லது எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்.

முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம்போல இருக்கும், நான்கைந்து பேரீச்சம்பழமும் அவ்வளவுதான். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். உயரத்தில் பசியே எடுக்காது என்பதால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடும் பழக்கத்தை இங்கேயே உண்டாக்கிக்கொள். இன்னொன்று: உச்சிக்குக் கிளம்பும் இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு ஏதாவது சாப்பிடவேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உன் வயிறு எதை ஏற்றுக்கொள்கிறது என்று ஓரிரு முறை இங்கேயே பார்த்துவிடு. இட்லி ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அங்கே இட்லி கிடைக்காது. ரொட்டியும் கஞ்சியும் இறங்குகிறதா என்று பார்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே சுற்றுப்போகாதே. சுமத்ரா காற்றுமழை விடியற்காலையில் வரும் மாதங்களில் இடி கேட்டாலே மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிடு. அந்த வாரத்துச் சுற்றைப் படிக்கட்டில் கழித்துவிடலாம். குன்றில் பாதையைவிட்டு விலகி நடக்காதே. ஆட்கள் மிதித்து மண் சரிந்ததால்தான் 2014 செப்டம்பரில் அந்தக் குன்றை மூடிப் பழுதுபார்த்தார்கள். முழுதாகத் திறந்தது 2016 அக்டோபரில்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பும் பார்த்துவிடு. மாதவிடாய் உள்ள பெண்களில் நிறையப் பேருக்கு இரும்பு குறைவாக இருந்தும் தெரியாது. எவ்வளவு ஏறினாலும் தேறவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். உயரத்தில் உடம்பு புதிய சிவப்பணு உண்டாக்கவும் இரும்பு வேண்டும். குறைவு என்றால் மாத்திரை போட்டுச் சேமிப்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பைக் குறித்துவா. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு.

காற்றைப் பற்றி. கினபாலு உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கே இருக்கும் அதே 21 விழுக்காடுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடு. 2,500 மீட்டருக்குமேல் போகும் யாருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். உடல்தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்துச் சுற்று ஏறியவர்களுக்கும் வரும், ஒன்றுமே செய்யாதவர்களுக்கு வராமலும் போகும். பலமானவர்கள் வேகமாக ஏறுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து கூட. முடிந்தால் ஒருநாள் முன்னதாகவே போய், 1,500 மீட்டருக்கு மேலிருக்கும் பூங்காத் தலைமையகம் பக்கத்தில் ஓர் இரவு தூங்கு. உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்பதையும் அவரிடம் பேசு. தலைவலி மட்டும் என்றால் நின்று இளைப்பாறிப் பார்க்கலாம். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், உச்சி எதிரே தெரிந்தாலும் திரும்பி இறங்கு. இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

மலை வழிகாட்டி சொல்வதுதான் கடைசி வார்த்தை. மழையில் பாறை ஈரம், மேலே போகவேண்டாம் என்றால் வேண்டாம். 2015 ஜூன் 5-ஆம் தேதி காலை அந்த மலை நிலநடுக்கத்தில் குலுங்கியபோது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் இழந்தோம். பயமுறுத்த எழுதவில்லை. நீ அந்தப் பாதையில் கால்வைக்கும்போது அது உன் நினைவில் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன், அவ்வளவுதான்.

உச்சியில் விடியுமுன் உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரும், காற்றும் அடிக்கும். பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டவே கூடாது; வியர்வையை வைத்துக்கொண்டு எலும்புவரை குளிரவைக்கும். உள்ளே சீக்கிரம் காயும் சட்டை, அதன்மேல் கம்பளிச்சட்டை, வெளியே மழையும் காற்றும் புகாத சட்டை. கையுறை ஈரக்கயிறு பிடிக்கத் தாங்குவதாக இருக்கட்டும், இரண்டு ஜோடி. நெற்றிவிளக்குக்கு மாற்று பேட்டரி.

விமானச்சீட்டு இன்னும் போடவில்லை என்றாய். இறங்கிவரும் நாள் இரவுக்கே திரும்பும் விமானத்தைப் போடாதே. வாசலுக்கு வந்துசேர மத்தியானம் தாண்டிவிடும், அங்கிருந்து கோத்தா கினபாலுவுக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் வண்டி. விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில்தான் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கணுக்கால் மடங்கும். மறுநாள் மத்தியான விமானம் பார். எந்தத் தேதி என்று முடிவானதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா